விமான நிலையத்திலிருந்து பனிமலைக்கு: இருபது பேரை ஆஃப்ரிஸ்கி கொண்டுபோய்ச் சேர்ப்பது எப்படி

டர்பனில் வளர்ந்தவர்களுக்குக் குளிர்காலம் என்பது ஒரு ஜெர்சியோடு முடிந்துபோகிற விஷயம். அதனாலோ என்னவோ, யாராவது ஒருவர் வாட்ஸாப்பில் ‘பனி பார்க்கப் போவோமா’ என்று ஒரு வரி போட்டால் போதும், அடுப்பில் போட்ட ரொட்டி திருப்புவதற்குள் இருபது பேர் கை தூக்கிவிடுகிறார்கள். தங்குமிடத்தை ஒருவர் பதிவு செய்துவிடுவார். விமான டிக்கெட்டை அவரவர் எடுத்துக்கொள்வார்கள். ஆனால் விமானத்தை விட்டு இறங்கி மலை மேல் போய்ச் சேருகிற நடுப்பகுதி இருக்கிறதே, அதை மட்டும் ஒருவரும் தொட மாட்டார்கள். ‘அங்கே போய்ப் பார்த்துக்கலாம்’ என்பார்கள். டர்பனில் இருக்கிற சாட்ஸ்வர்த்திலிருந்து எங்கள் தமிழ் வகுப்புக் குடும்பங்களை மூன்று குளிர்காலமாக நான்தான் கூட்டிப்போகிறேன். முதல் தடவை நானும் அப்படித்தான் சொன்னேன்.

இடம் தெரியாதவர்களுக்கு: ஆஃப்ரிஸ்கி என்கிற பனிச்சறுக்குத் தலம் இருப்பது தென்னாப்பிரிக்காவில் இல்லை, லெசோத்தோவில். மலூட்டி மலைகளில் 3,050 மீட்டர் உயரத்தில், ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் நீளச் சறுக்குப் பாதையோடு இருக்கிறது. ஜூன் முதல் ஆகஸ்ட் கடைசி வரை அங்கே குளிர்காலம், பனிச்சறுக்குப் பருவம். அதாவது வழியில் ஒரு நாட்டு எல்லை இருக்கிறது, இரண்டு பெரிய கணவாய்கள் இருக்கின்றன. சும்மா ஒரு டாக்சி பிடிக்கிற வேலையாக இதை நினைத்தால் அங்கேயே தப்பு ஆரம்பிக்கிறது.

கணக்கைப் பின்னாலிருந்து போடுங்கள்

எல்லோரும் விமானம் இறங்குகிற நேரத்தை வைத்துக்கொண்டு முன்னோக்கிக் கணக்குப் போடுகிறார்கள். பத்து மணிக்கு இறங்கினால் பதினொன்றுக்குக் கிளம்பலாம், வலைத்தளத்தில் நாலரை மணி நேரம் என்று போட்டிருக்கிறது, மூன்றரைக்குப் போய்விடலாம் என்று. அந்த நாலரை மணி நேரம் ஒரு சின்னக் கார், ஒரு தம்பதி, எல்லையில் கூட்டமில்லாத நாள் என்கிற கணக்கு. உங்களிடம் இருப்பது கொம்பி என்று நாங்கள் சொல்கிற மினிபஸ், டிரெய்லர், பதினான்கு பாஸ்போர்ட், நாற்பது நிமிடத்துக்கு ஒரு முறை சிறுநீர் கழிக்க வேண்டிய ஒரு தாத்தா. வாடகைக்கு ஆள் ஏற்றுகிற மினிபஸ்ஸுக்குச் சட்டப்படி மணிக்கு 100 கிலோமீட்டர்தான், கார்களைப் போல 120 கிடையாது. அதையும் மறந்துவிடுவார்கள்.

அதனால் இறங்கிய அன்றைக்கே மலை ஏறுவதானால் சூரியனிலிருந்து ஆரம்பியுங்கள். ஜூன் கடைசி, ஜூலை முதலில் அந்தப் பக்கம் ஐந்தரைக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும். மொட்டெங் கணவாய் 2,820 மீட்டர், கொண்டை ஊசி வளைவுகள், நிழல் விழுகிற இடங்களில் உறைபனி. அதற்கு மேலே மஹ்லசெலா கணவாய் 3,222 மீட்டர். இரண்டையும் வெளிச்சம் இருக்கும்போதே தாண்டியாக வேண்டும், இதில் பேச்சுக்கு இடமில்லை. அப்படியானால் மொட்டெங்கின் உச்சியில் நாலரைக்கு இருக்க வேண்டும். எல்லையிலிருந்து அங்கே வர ஒரு மணி நேரம். எல்லையில் ஒரு கூட்டத்துக்கு முத்திரை குத்தி முடிக்க ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள், மிச்சமானால் லாபம். ஆக, எல்லைக்கு இரண்டு மணிக்கு வந்து நிற்க வேண்டும். ஜோஹன்னஸ்பர்க் ஓ.ஆர்.தாம்போ விமான நிலையத்திலிருந்து எல்லை வரை சுமார் 300 கிலோமீட்டர், நடுவில் ஒரு நிறுத்தம், குழிகள் நிறைந்த ஃப்ரீ ஸ்டேட் சாலை, எல்லாம் சேர்த்து நாலரை மணி நேரம். வண்டி ஒன்பதரைக்கு நகர வேண்டும். உள்நாட்டு விமானத்தில் வருகிறவர்கள் எட்டரைக்குள்ளும் வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் ஏழரைக்குள்ளும் தரையிறங்கியிருக்க வேண்டும்.

இந்தக் கணக்கை டிக்கெட் எடுப்பதற்கு முன்னால் குழுவுக்கு அனுப்புங்கள். டிக்கெட் எடுத்த பிறகு அனுப்பினால் அது புலம்பல்தான். சென்னையிலிருந்து துபாய் வழியாக மாலை நாலரைக்கு வந்து இறங்குகிற அத்தை குடும்பத்துக்கு அன்றைக்கே மலை ஏற வழியில்லை. அவர்கள் ஒரு நாள் முன்னதாக வந்து விமான நிலையத்துக்குப் பக்கத்திலோ ஜோஹன்னஸ்பர்க் பக்கம் லெனேசியாவில் உறவுக்காரர் வீட்டிலோ தூங்கட்டும். ‘பார்டர் ராத்திரி பத்து வரைக்கும் திறந்திருக்குமே’ என்று ஒருவர் நிச்சயம் சொல்வார். உண்மைதான், காலிடன்ஸ்போர்ட் எல்லைச் சாவடி காலை 6 முதல் இரவு 10 வரை திறந்திருக்கும். எல்லை திறந்திருப்பதால் மலையும் திறந்திருக்கிறது என்று அர்த்தமில்லை.

தேதியைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் வீடுகளில் ஆடி பிறந்துவிட்டால் அம்மன் கோயில் கூழ், விரதம், ஞாயிற்றுக்கிழமை பூஜை என்று ஒவ்வொரு வாரமும் ஒரு குடும்பம் கழன்றுகொள்ளும். பள்ளி விடுமுறை ஜூன் கடைசியில் ஆரம்பிக்கிறது, ஆடி ஜூலை நடுவில் பிறக்கிறது. அந்த இரண்டு வாரம்தான் நமக்கு வாய்க்கும். எல்லோருக்கும் அதே இரண்டு வாரம்தான் என்பதால் மார்ச்சிலேயே வண்டி பேசிவிடுங்கள்.

யார் பறக்க வேண்டும், யார் பறக்க வேண்டாம்

டர்பன்காரர்கள் கிங் ஷாக்கா விமான நிலையத்திலிருந்து ஜோஹன்னஸ்பர்க் பறந்து, அங்கிருந்து ஐந்தாறு மணி நேரம் வண்டியில் போவதில் எனக்கு அர்த்தம் தெரியவில்லை. விமானம் ஒரு மணி நேரம்தான். ஆனால் வீட்டிலிருந்து கிளம்பியது முதல் பெட்டி கைக்கு வருவது வரை நாலு மணி நேரம் ஓடிவிடும். அந்த நேரத்தில் என்-3 நெடுஞ்சாலையில் வான் ரீனன் கணவாய் ஏறி ஹாரிஸ்மித்தையே தாண்டியிருக்கலாம். அங்கிருந்து என்-5 பிடித்து, கிளாரன்ஸ், ஃபூரிஸ்பர்க் வழியாக எல்லை. ஆகவே நான் இப்போது செய்வது இதுதான். டர்பன் ஆட்களுக்கு நேராக ஒரு கொம்பி. வெளியூர், வெளிநாட்டு ஆட்களுக்கு ஓ.ஆர்.தாம்போவிலிருந்து இன்னொரு கொம்பி. இரண்டும் கிளாரன்ஸில் சந்திக்கும். அங்கே ஒரு இரவு தங்கி, மறுநாள் காலை சேர்ந்து மலை ஏறுகிறோம்.

கிளாரன்ஸ் இரவுக்குச் செலவு உண்டு, முணுமுணுப்பும் உண்டு. ஆனால் விமானம் தாமதமானால் அந்த ஒரு இரவு எல்லாவற்றையும் விழுங்கிக்கொள்கிறது. கடல் மட்டத்திலிருந்து ஒரே நாளில் 3,000 மீட்டர் ஏறினால் வருகிற தலைவலியும் பாதியாகக் குறைகிறது. முதல் வருடம் நாங்கள் தங்கவில்லை. கேப்டவுனிலிருந்து வர வேண்டிய ஒரே ஒரு பையனுக்காக, அவனுடைய விமானம் தாமதமாகிக்கொண்டே போக, பதின்மூன்று பேர் மூன்று மணி நேரம் வருகைக் கூடத்தில் நின்றோம். ‘இன்னும் பத்து நிமிஷம் ஆன்ட்டி’ என்று அவன் அனுப்பிய செய்திகள் இன்னும் என் போனில் இருக்கின்றன. எல்லைக்கு வந்தபோது இருட்டு. டிரைவர் மலை ஏற முடியாது என்று சொல்லிவிட்டார், நல்ல மனுஷன். ஃபூரிஸ்பர்க்கில் கதவு கதவாகத் தட்டி மூன்று இடத்தில் பிரிந்து படுத்தோம், மலையில் கட்டிய அறைக்கான பணமும் போயிற்று.

அதிலிருந்து ஒரு விதி வைத்திருக்கிறேன்: வண்டி நாற்பது நிமிடத்துக்கு மேல் யாருக்காகவும் நிற்காது. பிந்தி வருகிறவர் ஓரிரவு தங்கி மறுநாள் சொந்தச் செலவில் வர வேண்டும். இதை எழுத்தில் போட்டு, எல்லோரும் ‘சரி’ என்று பதில் போட்ட பிறகுதான் முன்பணம் வாங்குகிறேன். சொந்தக்காரர்களிடம் இதைச் சொல்வது சங்கடம்தான். வருகைக் கூடத்தில் மூன்று மணி நேரம் நிற்கிறபோது உண்டாகிற பகை அதைவிடப் பெரிசு.

வண்டி

பதினான்கு இருக்கை என்று சொல்கிற குவான்டம் கொம்பியில் பதினான்கு பேர் உட்காரலாம், பெட்டிகளை மடியில் வைத்துக்கொள்ள வேண்டியதுதான். குளிர் உடைகளின் பை ஒவ்வொன்றும் தலையணை அளவு இருக்கும். டிரெய்லர் இல்லையென்றால் பத்துப் பேர், டிரெய்லர் இருந்தால் பதின்மூன்று, இதுதான் நடைமுறைக் கணக்கு. இருபதுக்கு மேல் போனால் ஸ்பிரின்டர் மாதிரிப் பெரிய வண்டி கேளுங்கள். ஆனால் நான் இரண்டு கொம்பியைத்தான் விரும்புவேன், ஒன்று நின்றுபோனால் குழந்தைகளையும் வயசானவர்களையும் இன்னொன்றில் மாற்றிவிடலாம்.

பனிச்சறுக்குக் கட்டைகளைப் பற்றிக் கவலை வேண்டாம். கட்டை, பூட்ஸ் எல்லாம் மேலே வாடகைக்குக் கிடைக்கிறது. யாராவது வெளிநாட்டிலிருந்து சொந்தக் கட்டை கொண்டுவந்தால் அதன் நீளத்தை முன்னாலேயே கேட்டு டிரெய்லர்காரரிடம் சொல்லுங்கள், அவ்வளவுதான்.

வண்டிக்காரரிடம் பேசும்போது விலையைக் கேட்பதற்கு முன்னால் நாலு கேள்வி கேட்பேன். டிரைவரிடம் ஆள் ஏற்றுவதற்கான தொழில்முறை ஓட்டுநர் அனுமதி இருக்கிறதா, அதன் தேதி எப்போது முடிகிறது? எல்லை தாண்டி வாடகைக்கு ஆள் ஏற்றிப் போக எல்லை கடந்த சாலைப் போக்குவரத்து முகமை தருகிற பெர்மிட் இருக்கிறதா? மொட்டெங்கில் இந்த டிரைவர் குளிர்காலத்தில் ஓட்டியிருக்கிறாரா? டிரைவர் எங்கே தூங்குவார்?

இரண்டாவது கேள்விக்குப் பலர் தடுமாறுவார்கள். நாட்டுக்குள் ஓட்டுகிற அனுமதி இருந்தால் போதும் என்று நினைப்பவர்கள் நிறைய. எல்லையில் அதற்கான அதிகாரி கேட்டால் வண்டி அங்கேயே நின்றுவிடும், நீங்கள் பெட்டிகளோடு பாலத்தை நடந்து தாண்ட வேண்டியிருக்கும். பெர்மிட்டின் படத்தை வாட்ஸாப்பில் அனுப்பச் சொல்லுங்கள். அனுப்ப மறுத்தால் அடுத்த ஆளிடம் போங்கள், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் சரி.

நாலாவது கேள்வி நம் ஆட்களுக்குத் தோன்றுவதே இல்லை. இரவு பூஜ்யத்துக்குக் கீழே பத்துப் பாகை போகிற இடத்தில் டிரைவர் வண்டிக்குள் படுத்துக்கொள்வார் என்று எல்லோரும் தானாக முடிவு செய்துவிடுகிறார்கள். மறுநாள் உங்கள் பிள்ளைகளைக் கணவாயில் இறக்கப்போகிறவர் அவர்தான். அவருக்கு ஒரு கட்டிலும் இரண்டு வேளை சாப்பாடும் பட்ஜெட்டில் முதல் வரியாகப் போடுங்கள். இறக்கிவிட்டு அன்றைக்கே திரும்பிப் போகிறேன் என்று அவரே சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள். அப்படிச் செய்தால் அவர் ஒரே நாளில் பன்னிரண்டு மணி நேரம் ஓட்டியிருப்பார், பாதி இருட்டில்.

நீங்களே வாடகைக்கு எடுத்து ஓட்டுகிறீர்கள் என்றால் விஷயம் வேறு. டிரைவரையும் சேர்த்துப் பன்னிரண்டு பேரோ அதற்கு மேலோ ஏற்றும்படி அமைந்த வண்டிக்கு அந்தத் தொழில்முறை அனுமதி உங்களுக்கும் வேண்டியிருக்கும், 750 கிலோவுக்கு மேற்பட்ட டிரெய்லருக்கு உரிமத்தில் தனி வகை வேண்டும். சாதாரண லைசென்ஸ் மட்டும் இருந்தால் இரண்டு சின்னக் கார் எடுப்பது மேல். குழந்தைகள் இருக்கை பற்றியும் அப்போதே கேளுங்கள். மூன்று வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைக்கு அது கட்டாயம், கொம்பிக்காரர்களிடம் பெரும்பாலும் இருக்காது, வீட்டிலிருந்து எடுத்துப்போவதுதான் வழி.

காகிதங்கள்

இங்கே கொஞ்சம் நிற்கிறேன், ஏனென்றால் பணம் போவதும் மானம் போவதும் இங்கேதான்.

ஆட்களுடைய காகிதம் முதலில். பாஸ்போர்ட் இல்லாமல் வருகிற ஒருவர் எல்லாக் கூட்டத்திலும் இருப்பார், ‘லெசோத்தோ நம்ம நாட்டுக்குள்ளதானே இருக்கு’ என்பார். வரைபடத்தில் உள்ளேதான் இருக்கிறது, நாடு வேறு. ஆறு மாதமாவது செல்லுபடியாகிற பாஸ்போர்ட், இரண்டு வெற்றுப் பக்கம். பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்குப் பெற்றோர் பெயர்கள் உள்ள முழுப் பிறப்புச் சான்றிதழ். அப்பாவோ அம்மாவோ ஒருவர் வரவில்லையென்றால் அவருடைய சம்மதக் கடிதம், கையெழுத்து உறுதி செய்யப்பட்டு. தமிழ் வகுப்புப் பிள்ளைகளைப் பெற்றோர் இல்லாமல் கூட்டிப்போகும்போது ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பிளாஸ்டிக் உறை போட்டு, மேலே பெயரை எழுதி, நானே வைத்துக்கொள்கிறேன்.

இந்தியாவிலிருந்து வருகிறவர்களின் விஷயம் இதைவிடச் சிக்கல். அவர்களுக்கு லெசோத்தோவுக்கான விசா விதிமுறை தனி. அதோடு, திரும்பவும் தென்னாப்பிரிக்காவுக்குள் நுழைய வேண்டுமே. ஒரு முறை மட்டும் நுழைகிற விசாவோடு வந்தவர் மலையிலிருந்து இறங்கி எல்லையில் மாட்டிக்கொண்டால் அது சின்ன விஷயமில்லை. விண்ணப்பிக்கும்போதே பல முறை நுழைகிற விசா கேட்கச் சொல்லுங்கள். விசா ஒட்டிய பக்கத்தின் படத்தைப் பார்க்காமல் அவருக்கு வண்டியில் இடம் போடாதீர்கள்.

அப்புறம் வண்டியின் காகிதம். வாடகை வண்டி என்றால் எல்லை தாண்ட அனுமதிக்கிற கடிதம், வங்கிக் கடனில் இருக்கிற சொந்த வண்டி என்றால் வங்கியின் கடிதம். அந்தக் கடிதத்தை வாங்கி மடித்து உள்ளே வைத்துவிடாதீர்கள், நின்று வரி வரியாகப் படியுங்கள். இரண்டாவது வருடம் எங்களிடம் கடிதம் இருந்தது. வண்டி எண் இருந்தது, டிரைவர் பெயர் இருந்தது, தேதி இருந்தது. கவுன்ட்டரில் இருந்த அம்மா அதைப் படித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றி வைத்து, எழுந்து ஜன்னலுக்கு வந்து, எங்கள் வண்டியைப் பார்த்து, ‘பின்னால் இருப்பது என்ன?’ என்று கேட்டார். டிரெய்லர். அதற்குத் தனிப் பதிவு எண், தனி உரிம வட்டு, கடிதத்தில் அதைப் பற்றி ஒரு எழுத்துகூட இல்லை. வாடகைக் கம்பெனிக்குப் போன் போட்டால் ‘மேலாளர் சாப்பிடப் போயிருக்கிறார்’. புதிய கடிதம் மின்னஞ்சலில் வந்து, அதை அச்செடுக்க ஒருவர் ஃபூரிஸ்பர்க்குக்குத் திரும்பிப் போய், முடிய இரண்டு மணி நேரம் ஆயிற்று. அந்த இரண்டு மணி நேரமும் பெரியம்மா வேலியோரம் ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்து, டிரெய்லரையே முறைத்துக்கொண்டிருந்தார், அது என்னவோ வேண்டுமென்றே செய்த மாதிரி.

ஆகவே கடிதத்தில் டிரெய்லர் எண், இரண்டாவது டிரைவர் இருந்தால் அவர் பெயர், போகிற நாளும் திரும்புகிற நாளும், ‘லெசோத்தோ’ என்கிற சொல், எல்லாம் இருக்கிறதா பாருங்கள். தென்னாப்பிரிக்க வண்டி என்று காட்டுகிற ‘இசட் ஏ’ ஸ்டிக்கர் வண்டியின் பின்னால் வேண்டும், டிரெய்லருக்கும் ஒன்று. எச்சரிக்கை முக்கோணம். எல்லோருடைய பெயர், பாஸ்போர்ட் எண் போட்ட பயணிகள் பட்டியல் ஐந்து பிரதி. எல்லையில் வண்டிக்குக் கட்டுகிற கட்டணத்துக்குச் சில்லறையாக ரொக்கம் ரேண்ட்.

எல்லையில் எல்லோரும் இறங்கி நேரில் போக வேண்டும், தூங்குகிற குழந்தை உட்பட. இந்தப் பக்கம் வெளியேறுகிற முத்திரை, ஆற்றைத் தாண்டி அந்தப் பக்கம் நுழைகிற முத்திரை. இரண்டையும் ஒவ்வொருவருக்கும் திறந்து பாருங்கள். இருபது பாஸ்போர்ட்டில் ஒன்றில் முத்திரை விட்டுப்போவது அதிசயமில்லை, திரும்பி வரும்போது அதற்கு விளக்கம் சொல்லி மாளாது. லெசோத்தோ பக்கம் போனதும் முதலில் வணக்கம் சொல்லுங்கள், எடுத்தவுடன் கேள்வி கேட்பது அங்கே மரியாதையில்லை. ஆணுக்கு ‘டுமெலா ந்தாத்தே’, பெண்ணுக்கு ‘டுமெலா ம்மே’. எங்கள் டிரைவரை ஒரு இளம் அதிகாரி ந்தாத்தே என்று கூப்பிட்டதைக் கேட்டுப் பெரியம்மா, ‘ஏம்மா, இந்தப் பிள்ளை யாரைத் தாத்தாங்குது?’ என்று திரும்பிப் பார்த்தார்.

விமான நிலையத்தில்

ஓ.ஆர்.தாம்போவில் வெளிநாட்டு விமானங்கள் ஏ முனையத்தில், உள்நாட்டு விமானங்கள் பி முனையத்தில். இரண்டுக்கும் நடுவில் ஒரு கட்டடம் இணைக்கிறது, நடந்தே போய்விடலாம். ‘வெளியே வந்து நிற்கிறேன்’ என்று யாரும் சொல்லக் கூடாது, எந்த வெளியே என்று தெரியாது. வெளிநாட்டு வருகைக் கூடத்துக்கு உள்ளேயே சந்திப்பு இடத்தை வைத்து, அதைப் படமெடுத்து முந்தின நாளே அனுப்புங்கள். உள்நாட்டில் வருகிறவர்கள் நடந்து அங்கே வரட்டும், புது நாட்டில் இறங்கியவரை நடக்க வைப்பதைவிட அது சுலபம். டிரெய்லர் மாட்டிய கொம்பி பல மாடி வாகன நிறுத்தத்துக்குள் நுழையாது, உயரம் இடிக்கும். எல்லோரும் சேர்ந்த பிறகு டிரைவருக்குப் போன் போட்டு வரச் சொல்வதுதான் முறை. அவரைச் சீக்கிரம் வரச் சொன்னால் நிற்க இடமில்லாமல் சுற்றிக்கொண்டிருப்பார்.

வண்டி வேண்டுமா, பெட்டி தூக்கட்டுமா என்று வருகிறவர்களிடம் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். டிரைவரின் முகப் படமும் வண்டி எண்ணும் எல்லோரிடமும் இருக்க வேண்டும், வேறு யாராவது ‘நான்தான் அவருக்குப் பதில் வந்தேன்’ என்றால் வண்டிக்காரரிடம் போனில் பேசாமல் ஏறக் கூடாது. கூடத்தில் நின்று டாலரை ரேண்டாக மாற்றி எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம் என்று சென்னை ஆட்களிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

வாட்ஸாப் குழு இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் எல்லோரும் பேசட்டும், பிள்ளையார் படம், காலை வணக்கம், வானிலை வதந்தி எல்லாம் அதில். இன்னொன்றில் நீங்கள் மட்டும் எழுதுகிற மாதிரி பூட்டிவிடுங்கள். நேரம், இடம், வண்டி எண் மட்டும் அதில் இருக்கட்டும்.

பணத்தை ஆள் கணக்கில் பிரிக்காமல் இருக்கைக் கணக்கில் பிரியுங்கள். ஒரு வண்டி 13,000 ரேண்ட் என்று வைத்துக்கொண்டால், பதின்மூன்று இருக்கைக்குத் தலைக்கு 1,000. கடைசி வாரம் இருவர் வராமல் போனால் மீதிப் பேர் தலையில் அதை ஏற்றக் கூடாது, வராதவரின் இருக்கைப் பணம் திரும்பாது என்று முதல் நாளே சொல்லிவிட வேண்டும். தன் இடத்துக்கு வேறு ஆளைக் கூட்டிவந்தால் சரி, பாஸ்போர்ட் எண்ணை மட்டும் பட்டியலில் மாற்றிக்கொள்ளலாம். வங்கியில் போட்டதற்கான ரசீதை எல்லோரும் அனுப்ப வேண்டும். ‘கையில தர்றேன்’ என்கிற மாமாவிடமிருந்து இன்னும் 400 ரேண்ட் வர வேண்டியிருக்கிறது.

வழி

ஜோஹன்னஸ்பர்க்கிலிருந்து என்-3 பிடித்து வில்லியர்ஸில் இறங்கி, ஆர்-26 சாலையில் ஃப்ராங்ஃபோர்ட், ரைட்ஸ், பெத்லஹெம், ஃபூரிஸ்பர்க், அங்கிருந்து காலிடன்ஸ்போர்ட். குழிகள் பிடிக்கவில்லையென்றால் ஹாரிஸ்மித் வரை என்-3, பிறகு என்-5, தூரம் கூடும், முதுகு பிழைக்கும். எல்லை தாண்டினால் புத்தா-புத்தே, மொட்டெங், ஆக்ஸ்போ, மேலே ஆஃப்ரிஸ்கி. எல்லையிலிருந்து சுமார் 80 கிலோமீட்டர், முழுக்கத் தார்ச் சாலை. பனி இல்லாத நாளில் சாதாரண வண்டியே போகும். பனி விழுந்த நாளில் சக்கரச் சங்கிலியோ நான்கு சக்கர இழுவையோ இல்லாமல் முயற்சிக்காதீர்கள், புத்தா-புத்தேயில் விசாரித்துவிட்டு ஏறுங்கள்.

டர்பனிலிருந்து வரைபடத்தில் தேடினால் சில சமயம் சானி கணவாய் வழியைக் காட்டும், பார்க்கக் கிட்டத்தில் இருப்பது போலவும் இருக்கும். அதில் நான்கு சக்கர இழுவை வண்டி தவிர எதையும் எல்லையிலேயே விட மாட்டார்கள், மாலை 6 மணிக்கு மூடியும்விடுவார்கள். கொம்பியோடு அந்தப் பக்கம் திரும்பவே வேண்டாம். என்-3 மட்டும் எப்போதும் பத்திரம் என்றும் நினைக்க வேண்டாம். 2024 செப்டம்பரில், பருவமே முடிந்த பிறகு, ஹாரிஸ்மித், வான் ரீனன் பக்கம் பனி கொட்டி நெடுஞ்சாலை மூடப்பட்டது, ஏராளமான வண்டிகள் இரவு முழுக்க அப்படியே நின்றன. அதனால் ஒவ்வொரு வண்டியிலும் ஆளுக்கொரு கம்பளி, தண்ணீர், ஒரு நேரச் சாப்பாடு கூடுதலாக இருக்கும். உருளைக்கிழங்கு மசாலா சுருட்டிய ரொட்டி மிகச் சிறந்த வழிச்சோறு, ஆறினாலும் தின்னலாம். பிரெட்டைக் குடைந்து உள்ளே கறி ஊற்றுகிற பன்னி சோ வேண்டாம், மொட்டெங்கின் மூன்றாவது வளைவில் பீன்ஸ் கறி யார் மடியில் போகும் என்று சொல்ல முடியாது. இறைச்சியைப் பச்சையாக எல்லை தாண்டிக் கொண்டுபோகவும் வேண்டாம்.

எரிபொருளைப் புத்தா-புத்தேயில் நிரப்பிவிடுங்கள், மேலே கிடைக்கும் என்று நம்பாதீர்கள். மூவாயிரம் மீட்டரில் காற்று கடற்கரையில் இருப்பதில் எழுபது சதவீதம்தான், டர்போ இல்லாத பெட்ரோல் வண்டி ஆள் நிறைந்து டிரெய்லரோடு ஏறும்போது முனகும். பின்னால் வருகிறவர்களுக்கு வழிவிட்டு மெதுவாக ஏறச் சொல்லுங்கள், டிரைவரை யாரும் அவசரப்படுத்தக் கூடாது. சாலையில் ஆடுகள், கழுதைகள், போர்வை போர்த்திய குதிரைக்காரர்கள் வளைவுக்கு வளைவு வருவார்கள். மேலே போனதும் இரவு கை பிரேக்கை இழுத்து நிறுத்த வேண்டாம், உறைந்து பிடித்துக்கொள்ளும். கியரில் போட்டுச் சக்கரத்துக்குக் கல் வைப்பதுதான் வழக்கம். ரேடியேட்டரில் உறைதடுப்பு இருக்கிறதா என்று வண்டிக்காரரிடம் முன்பே கேளுங்கள், டர்பன் வண்டிகளில் பல நேரம் வெறும் தண்ணீர்தான் இருக்கும்.

திரும்பும்போது

திரும்புகிற நாளில் ‘விடியக்காலம் நாலு மணிக்குக் கிளம்பிடலாம்’ என்கிற யோசனை வரும், நம் ஆட்களுக்குத் திருப்பதி போகிற பழக்கம். இங்கே அது ஆகாது. இரவில் உறைந்த தார் நிழலான வளைவுகளில் கண்ணாடி மாதிரி இருக்கும், சூரியன் அதன் மேல் படட்டும். எட்டரை, ஒன்பதுக்குக் கிளம்பி, இறங்கும்போது சின்ன கியரில் இஞ்சினே பிடிக்கிற மாதிரி இறங்க வேண்டும், பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் அடிவாரத்தில் கருகிய நாற்றம் வரும். ஒன்பதுக்குக் கிளம்பினால் ஓ.ஆர்.தாம்போ வந்து சேர மூன்று, நாலு மணி. அப்படியானால் உள்நாட்டு விமானம் ஆறுக்கு மேல், வெளிநாட்டு விமானம் எட்டுக்கு மேல்தான் எடுக்க வேண்டும். இதையும் முதல் நாள் அனுப்புகிற கணக்கிலேயே சேர்த்துவிடுங்கள்.

லெசோத்தோவின் மலோட்டி ரேண்டுக்குச் சரிசமம், அங்கே ரேண்ட் எங்கும் செல்லும். ஆனால் மீதிச் சில்லறை மலோட்டியாகத்தான் வரும், அதை இந்தப் பக்கம் கடைகளில் வாங்க மாட்டார்கள். எல்லைக்கு வருமுன் புத்தா-புத்தேயில் பத்து நிமிடம் வண்டியை நிறுத்தி, எல்லோருடைய மலோட்டியையும் ஒரு தொப்பியில் வாங்கி, தெருவோரம் எண்ணெயிலிருந்து எடுக்கிற மக்கோன்யா என்கிற மாவு உருண்டை எவ்வளவு வருமோ அவ்வளவையும் வாங்கிக்கொள்ளுங்கள். நம் வீட்டு இனிப்புப் பணியாரத்துக்குக் கொஞ்சம் அண்ணன் மாதிரி இருக்கும், சூடாக இருக்கும்போதே தின்றுவிட வேண்டும். ஒரு பொட்டலம் டிரைவருக்கு.